அவரைக் கொடியும் பகற்பொழுதின் நீளமும்



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குக் குடிபெயரும் தமிழர் தம்முடன் எடுத்துச் செல்லும் பொருள்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் இரயில் வண்டியில் ஏற்றிச் சென்ற தலைமுறை மறைந்துவிட்டது. ஆயினும் ஒரு பொருள் மட்டும் இன்றுவரை மாறவில்லை. ஊறுகாய்ச் சாடிக்கும் வற்றல் பொட்டலத்துக்கும் இடையே, பழந்துணியில் முடிந்த ஒரு பிடி விதை! புடலை, பாகல், கீரை, அவரை என்று எதுவாயினும் ஆகலாம். புதிய ஊரில், குடியிருப்பின் கொல்லையிலோ மாடி முகப்பில் வைத்த தொட்டியிலோ அதனை ஊன்றி, அது முளைத்து இலை விடுகிறபோது, நாமும் அவ்வூரில் வேர் பிடித்துவிட்டதாக ஒரு நிறைவு உண்டாகிறது.

அவ்விதை சில சமயம் நம்மை ஏமாற்றுகிறது. நன்கு முளைக்கிறது, தழைக்கிறது, பந்தலெல்லாம் படர்கிறது. பூ மட்டும் பூப்பதில்லை. மண்ணைக் குறை கூறுகிறோம். தண்ணீரைக் குறை கூறுகிறோம். கண்ணேறு பட்டதென்று பூசணிக்காய் சுற்றி உடைப்போரும் உளர். குற்றம் இவற்றில் எதிலும் இல்லாதிருக்கலாம். அவ்வூர் பூகோளப் படத்தில் எந்தக் கோட்டின்மேல் அமைந்திருக்கிறது என்பதே காரணமாகலாம். அட்சரேகை என்று பள்ளியில் நாம் நெட்டுருச் செய்த அந்தக் கோடு பகற்பொழுதின் நீளத்தை எவ்வாறு ஆள்கிறது, அந்நீளம் நம் கொல்லைப் பயிர்களை எவ்வாறு ஆள்கிறது என்பது பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். நான் விஞ்ஞானம் பயின்றவனல்லன். கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். இவ்விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்தது நான் செய்த இரண்டு பிழைகளால். முதற்பிழை தில்லியில் செய்தது, இரண்டாவது பெங்களூரில்.

2011-ஆம் ஆண்டில் எனக்குத் தில்லியில் வேலை. குடியிருப்பின் தரைத் தளத்தில் வீடு. பின்புறம் நான்கு முழ அகலத்துக்கு மண் தரை. அவ்வாண்டுப் பொங்கலுக்கு ஊர் சென்று திரும்புகையில் என் தாயார் அவரை விதை கொடுத்தனுப்பினார். எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்தை அடுத்தது. என் பாட்டியார் காலந்தொட்டு ஆண்டுதோறும் முற்றிய காயிலிருந்து எடுத்து, சாம்பலில் புரட்டி, மண் கலயத்தில் காத்து வரப்பெற்ற விதை அது. காய் அகன்று, ஓரத்தில் ஊதாக் கீற்றுடன் இருக்கும். கடையில் வாங்கும் எந்த அவரையிலும் அந்த மணத்தை நான் கண்டதில்லை.

சித்திரை மாதத்தில் ஊன்றினேன். தில்லி வெயிலுக்குப் பழஞ்சாக்கை மறைப்பாகக் கட்டி, காலையும் மாலையும் நீர் வார்த்தேன். ஆடி மழை விழுந்ததும் கொடி சுவரேறி, அடுத்த வீட்டுச் சன்னலையும் எட்டிப் பார்த்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பூ இல்லை. எருவின் கொழுப்பு என்றார் அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர், எருவை நிறுத்தினேன். நுனியைக் கிள்ளிவிடச் சொன்னார் மற்றொருவர், கிள்ளினேன். தொலைபேசியில் தாயாரிடம் முறையிட்டேன். "ஐயா, அவசரப்படாதே, ஐப்பசி பிறக்கட்டும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அதுக்கு ஒரு பருவம் இருக்கில்லே" என்றார். அதற்குமேல் விளக்க அவருக்குத் தெரியாது. விளங்கிக்கொள்ளும் பொறுமை எனக்கில்லை. தில்லியின் பருவம் வேறு, தென்பாண்டிச் சீமையின் பருவம் வேறு. இங்கே ஐப்பசிக்கு என்ன வேலை என்று நான் எனக்குள் தர்க்கம் செய்துகொண்டேன். புரட்டாசி பிறந்த ஞாயிற்றுக்கிழமையன்று கொடியை வேரோடு களைந்தெறிந்துவிட்டுக் காலிபிளவர் நாற்று நட்டேன்.

கார்த்திகையில் தாயார் கேட்டார்: "அவரை காய்க்கிறதா ஐயா?" "காய்க்கிறது அம்மா" என்றேன்.

அடுத்த மாசியில் அவர் காலமானார். உடல் நலிவுற்றிருந்தமையால் அவ்வாண்டு அவர் விதைக்கவில்லை. காரியங்கள் முடிந்த பிறகு கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். சாம்பல்தான் இருந்தது.

அவர் சொன்ன ஐப்பசிக்குப் பொருள் யாது என்பது எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் சென்றன. அதனை இப்போது சொல்கிறேன்.

பம்பரம் ஒன்று நிமிர்ந்து நில்லாமல் சற்றே சாய்ந்தபடி சுழல்வதை மனத்திற் கொள்ளுங்கள். பூமியும் அவ்வாறே ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்த நிலையில் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் வலம் வருகிறது. அச்சாய்வின் காரணமாக ஜூன் மாதத்தில் வடபாதி சூரியனை நோக்கியும், டிசம்பரில் விலகியும் இருக்கிறது. நில நடுக்கோட்டில் இருப்போர்க்கு இதனால் பகலின் அளவு மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணிக்குச் சிறிது கூடுதலாகவே இருக்கும். அங்கிருந்து வடக்கே செல்லச் செல்லக் கோடைப் பகல் நீள்கிறது. குளிர்காலப் பகல் குறுகுகிறது. இலண்டன் மாநகரில் ஜூனில் பதினாறரை மணிக்கு மேற்பட்ட பகல்; டிசம்பரில் எட்டு மணியும் நிறையாத பகல்.

நம் நாட்டளவில் பார்ப்போம். கன்னியாகுமரியில் ஆண்டின் மிக நெடிய பகல் 12 மணி 36 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 39 நிமிடம். இடைவெளி ஒரு மணி நேரம்கூட இல்லை. பெங்களூர் ஏறத்தாழ 13-ஆவது பாகையில், சென்னைக்கு நேர் மேற்கே உள்ளது. இங்கே நெடும்பகல் 12 மணி 53 நிமிடம். குறும்பகல் 11 மணி 22 நிமிடம். பம்பாயில், அதாவது மும்பையில், பதின்மூன்றேகால் மணியும் பதினொரு மணியும். கல்கத்தாவில் பதின்மூன்றரையும் பத்தே முக்காலும். தில்லியிலோ 13 மணி 58 நிமிடம் ஒரு புறம், 10 மணி 19 நிமிடம் மறு புறம். மூன்றரை மணிக்கு மேற்பட்ட வேறுபாடு! புரட்டாசி மாதத்தில் பகல் சுருங்கும் வேகமும் அவ்வாறே வேறுபடுகிறது. பெங்களூரில் நாளொன்றுக்கு முக்கால் நிமிடம் குறைந்தால், தில்லியில் ஒன்றே முக்கால் நிமிடம் குறைகிறது.

மனிதராகிய நாம் இதைப் பொருட்படுத்துவதில்லை. விளக்கைச் சற்று முன்னதாக ஏற்றுகிறோம், அவ்வளவே. பயிர்கள் இதனைக் கணக்கிடுகின்றன என்பதை உலகம் ஐயமற அறிந்தது 1920-ஆம் ஆண்டில். அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர், மேரிலாண்டு மாம்மத் என்ற புகையிலை வகையைக் கண்டு திகைத்தனர். வாஷிங்டன் நகரை அடுத்த பண்ணையில் அது கோடை முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தது, பூக்கவில்லை. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி மனையில் வளர்த்தபோது சிறு செடியாக இருக்கையிலேயே பூத்தது. வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு, 1918-ஆம் ஆண்டுக் கோடையில் செடிகளை மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, காலையில் வெளியே இழுத்து, செயற்கையாகக் குறும்பகலை உண்டாக்கினர். செடிகள் பூத்தன. பிலாக்ஸி என்ற சோயா மொச்சையும் இதே உண்மையை வேறு வகையில் உணர்த்தியது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுவிட்டு விதைத்தாலும், முன்னது பின்னது என்றின்றி அவை ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூத்தன.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சம்பா நெல் நினைவுக்கு வந்தது. பழைய நெடுங்காலச் சம்பா வகைகளை முந்தி நட்டாலும் பிந்தி நட்டாலும் தையை ஒட்டியே அறுவடைக்கு வரும் என்று எங்கள் தாத்தா சொல்வார். கார்னரும் அல்லார்டும் பெயர் சூட்டுவதற்கு முன்பே அவ்வுண்மை களத்துமேட்டில் புழங்கி வந்திருக்கிறது.

பின்னர் 1938-இல் சிக்காகோவைச் சேர்ந்த ஹாம்னர், பானர் என்போர் மருளூமத்தைச் செடியை வைத்துச் செய்த சோதனையால் மற்றோர் உண்மை புலனாயிற்று. பகலின் நடுவே செடியைச் சற்று நேரம் இருட்டில் வைத்தால் ஒன்றும் நேரவில்லை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினாலோ, செடி பூப்பதையே கைவிட்டது. ஆகவே செடி எண்ணுவது பகலையன்று, இடையறாத இரவை. குறும்பகற் செடி என்று நூல்களில் வழங்கும் பெயர் உண்மையில் நெட்டிரவுச் செடி என்றிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இத்தகைய தவறான பெயர்களிடம் எனக்கு ஓர் அனுதாபம் உண்டு. முதலில் வைத்தவர் அறியாமல் வைத்துவிடுகிறார்; பிறகு வருவோர் மாற்ற இயலாமல் சுமக்கின்றனர். இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறப்பொருளே இந்த உணர்வுக்குக் கருவி என்பது 1950-களில் தெளிவாயிற்று. சிவப்பொளி பட்டால் ஒரு வடிவமும், இருளில் மெல்ல மெல்ல மறு வடிவமும் அது கொள்கிறது.

தென்னாட்டில் பகல் மாறுவதோ மிகச் சிறிது. அச்சிறு மாறுதலையா செடி உணரும் என்று கேட்கலாம். நானும் அவ்வாறே ஐயுற்றேன். நம்மவர் பலர் வாழும் மலாக்கா, நில நடுக்கோட்டுக்கு இரண்டே பாகை வடக்கில் உள்ளது. அங்கே ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு 14 நிமிடந்தான். ஆயினும் சயாம் 29 என்ற நெல்லை அங்கே ஜனவரியில் விதைத்தபோது பூக்க ஏறத்தாழ பதினொரு மாதமும், செப்டம்பரில் விதைத்தபோது ஐந்தரை மாதத்துக்குக் குறைவாகவும் ஆயிற்று என்று 1959-இல் டோர் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிட்டார். பதினான்கு நிமிடத்தை ஒரு புல் எண்ணிப் பார்த்திருக்கிறது!

இனி என் தில்லிக் கொடிக்கு வருவோம். அவரையும் மொச்சையும் ஒரே இனம். இரண்டும் நெட்டிரவு வேண்டுபவை. எங்கள் ஊரில் அவ்விதை பல தலைமுறையாகக் கண்ட மிக நீண்ட பகல் 12 மணி 38 நிமிடம்; மிகக் குறும்பகல் 11 மணி 37 நிமிடம். இந்த ஒரு மணி நேர இடைவெளிக்குள் தன் பூக்குங் காலத்தை அது வகுத்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பதினான்கு மணிப் பகலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதனைப் பொறுத்தவரை அது முடிவில்லாத ஆனி மாதம். இலை விடு, படர், காத்திரு என்பதே அதற்குக் கிடைத்த கட்டளை. தில்லியின் பகல் சுருங்கி எங்கள் ஊரின் மிகக் குறும்பகல் அளவுக்கு வருவது அக்டோபர் இரண்டாம் வாரத்தில். அதையடுத்து ஒரு வாரத்துக்குள் ஐப்பசி பிறக்கிறது. நான் கொடியைக் களைந்தது செப்டம்பர் 18-ஆம் நாள். இடையே மூன்றரை வாரம்.

இனி, பெங்களூர். இவ்வூரில் அவரைக்கு உள்ள மதிப்பு வேறெங்கும் இல்லை எனலாம். மார்கழி பிறந்துவிட்டால் கிருஷ்ணராஜ மார்க்கெட்டு முதல் தெருமுனைத் தள்ளுவண்டி வரை, பச்சை அவரைக்காய் மலைபோற் குவிந்துவிடும். மாகடி வட்டாரத்துக் காய்க்கு மதிப்பு அதிகம். அதன் தோலில் ஊறும் எண்ணெய்ப் பிசுக்கையும் மணத்தையும் கன்னடத்தார் 'சொகடு' என்பர். காயை முகர்ந்து பார்த்து வாங்குவார்களேயன்றிக் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிய பருப்பில் குழம்பு வைப்பது இங்கே ஒரு கலை; கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்தார் அதைப் பிதுக்கம் பருப்பு என்ற பெயரில் நன்கறிவர். விசுவேசுவரபுரத்து உணவு வீதியில் அவரைக்காய்த் திருவிழா என்று ஒன்று ஜனவரியில் நடத்தி, இனிப்பு முதல் தோசை வரை அதிலேயே செய்து விற்கத் தொடங்கினர். வழி தவறி வந்த ஹொய்சள மன்னன் வீரவல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வேகவைத்த பயறு அளித்ததால் 'பெந்த காளூரு' என்று ஊருக்குப் பெயர் வந்ததாகக் கதையும் உண்டு. பேகூரில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டு நடுகல்லிலேயே பெங்களூர் என்ற பெயர் காணப்படுவதால், அக்கதை பிற்காலத்துப் புனைவு என்பது தெளிவு. ஆனால் கதையில் வருவது பயறேயன்றிக் கேழ்வரகுக் களி அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இந்நாட்டு உழவர் கேழ்வரகு வயலில் சில சால் இடையிட்டு அவரை விதைப்பது வழக்கம். அக்கடி சாலு என்பர். ஆடியில் இரண்டையும் சேர்த்து விதைக்கின்றனர். கேழ்வரகு கதிர் முற்றி அறுவடையாகும் வரை அவரை அடங்கிக் கிடக்கிறது. கார்த்திகையில் வயல் வெறுமையானதும், மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டு பூத்துக் காய்க்கிறது. மழை ஓய்ந்த பிறகே பூப்பதால் பூ அழுகுவதில்லை. விதை வெயிலில் காய்கிறது. செடி இரவை எண்ணக் கற்றதன் பயன் இது. நட்ட நாள் எதுவாயினும் மழை முடியும் நாளை அது தவறவிடுவதில்லை. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற நம் முதுமொழியில் மழை மட்டுமன்றி, இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஆனி முதல் வாரம் கழிந்ததும் பகல் சுருங்கத் தொடங்குகிறது. ஆடியில் ஊன்றிய கொடி வேண்டிய அளவு மட்டும் வளர்ந்து நேரே பூவுக்குச் செல்கிறது. சித்திரையில் ஊன்றினால் அரை ஆண்டு இலை மட்டுமே.

எனினும் மக்கள் ஆண்டு முழுவதும் அவரைக்காய் வேண்டும் என்கின்றனர். 1964-இல் தொடங்கிய பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், பகல் நீளம் எதுவாயினும் பூக்கும் குத்துவகைகளை உருவாக்கினர். ஹெப்பாள் அவரை 3, ஹெப்பாள் அவரை 4 என்பன அவற்றுட் சில. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ஜய், அர்க்கா விஜய் என்பனவும் அத்தகையவையே. பந்தல் வேண்டா, தொட்டியில் வளரும், எம்மாதத்திலும் காய்க்கும். சொகடு குறைவு என்று மாகடிக்காரர் முணுமுணுப்பர். என் நாவும் அவர்கள் கட்சிதான்.

இரண்டாவது பிழை என்றேனே, அது இங்கேதான் நேர்ந்தது. இத்தகைய குத்தவரையைப் பற்றிய ஒரு சிறு குறிப்பைத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்த தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ஒளியுணர்ச்சியற்ற வகை' என்று எழுதிவிட்டேன். எழுத்தில் அது கம்பீரமாகவே இருந்தது. சில மாதங்கள் கழித்து, எங்கள் பிரிவில் பணிபுரியும் அம்மையார் ஒருவர், தாம் நட்ட குத்தவரை வெளிறி நீண்டு படுத்துவிட்டதாக வருந்தினார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே என்றார். "ஒளி வேண்டாத செடி என்று நீங்கள்தானே சார் எழுதியிருந்தீர்கள்?" நான் என்ன விடை சொல்வது! செடிக்கு வெயில் இன்றியமையாதது. உணவு சமைக்க வெயில் வேண்டும். காலம் அறிய இரவு வேண்டும். இரண்டும் வெவ்வேறு. அவ்வகைகள் விட்டொழித்தது இரண்டாவதை மட்டுமே. 'பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத வகை' என்று மறுபதிப்பில் திருத்தினேன். அந்த அம்மையாருக்குப் புதிய விதையும் வாங்கிக் கொடுத்தேன்.

காய்கறித் தோட்டத்தோடு நிற்கும் செய்தியன்று இது. சோற்றுப் பானை வரை செல்வது. 1966-இல் பிலிப்பைன்சிலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8 நெல், பல நாடுகளில் பரவியதற்கு அதன் குட்டை உருவம் மட்டும் காரணமன்று. பகல் நீளத்துக்கு அது கட்டுப்படாததும் ஒரு காரணம். கோதுமையின் கதை இன்னும் சுவையானது. மெக்சிகோவில் பணியாற்றிய நார்மன் போர்லாக், ஆண்டுக்கு இரண்டு தலைமுறை பெறும் அவசரத்தில், வடக்கே சோனோரா சமவெளியில் ஒரு போகமும் தெற்கே உயர்ந்த டொலூக்கா பீடபூமியில் மறு போகமும் விதைத்தார். இரண்டிற்கும் இடையே எட்டுப் பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு. இரு இடத்துப் பகலுக்கும் ஈடுகொடுத்த செடிகளே தேறின. அதனால், அவர் முன்கூட்டித் திட்டமிடாமலே, எந்நாட்டுப் பகலுக்கும் பொருந்தும் கோதுமை கிடைத்தது. கும்பகோணத்தில் பிறந்து தில்லியில் பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதனின் முயற்சியால் 1963-இல் போர்லாக் இந்தியா வந்தார். 1966-இல் 18,000 டன் மெக்சிகோ விதைக் கோதுமை இறக்குமதியாயிற்று. வெளிமாநிலத்துத் தமிழர் ஒருவர் வேற்று அட்சரேகை விதையைத் தில்லி மண்ணில் ஊன்றி வெற்றி கண்ட வரலாறு என்றும் இதைச் சொல்லலாம். நான் என் காலிபிளவரை நினைத்து நாணுகிறேன்.

பகலைச் செயற்கையாக நீட்டும் உழவரையும் இப்பக்கத்தில் காணலாம். சிக்கபள்ளாபுரம் பக்கம் இரவில் செல்வோர், வயலின்மேல் வரிசை வரிசையாக விளக்குகள் எரியக் கண்டு ஏதோ கல்யாணப் பந்தல் என்று மயங்குவர். அவை செவ்வந்தித் தோட்டங்கள். செவ்வந்தியும் நெட்டிரவு வேண்டும் செடி. இரவில் விளக்குக் காட்டினால் பூக்காமல் தண்டு வளரும். தண்டு போதிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்தால் பூக்கும். பண்டிகைச் சந்தைக்கு ஏற்ப இவ்வாறு நாளைத் தள்ளுகின்றனர். இதே காரணத்தால் நம் வீட்டு அவரை தெருவிளக்கின் நேர் கீழே இருந்தால் பூக்கத் தாமதமாகலாம். சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1905-இல் பெங்களூர் வீதிகளில் விளக்கேற்றிய காலந்தொட்டு இவ்வூர்ச் செடிகளுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்கும். அவை மனுச் செய்யாமையால் நமக்குத் தெரியவில்லை.

வெங்காயத்தின் இயல்பு இதற்கு நேர் எதிர். அது தழையை நிறுத்திக் கிழங்கு கட்ட, பகல் ஓரளவு நீள வேண்டும். நம் நாட்டு வகைகளுக்குப் பதினொன்று பன்னிரண்டு மணிப் பகல் போதும். ஐரோப்பிய வகைகள் பலவற்றுக்குப் பதினான்கு மணிக்கு மேல் வேண்டும். பெங்களூரில் அப்படிப்பட்ட பகலே கிடையாது. அழகிய உறையில் வரும் அயல்நாட்டு வெங்காய விதையை இங்கே வாங்கி நட்டால், வெங்காயத் தாள் கிடைக்கும், வெங்காயம் கிடைக்காது. 2015-இல் புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் ரோஜா வெங்காயம் இம்மண்ணுக்கும் இப்பகலுக்கும் உரியது. தக்காளி, வெள்ளரி முதலியன இக்கணக்கில் சேராதவை. அவற்றை எங்கும் எடுத்துச் செல்லலாம்.

மாடி முகப்பில் தொட்டி வைப்போர்க்கு ஒரு சொல். தில்லியில் சூரியன் நண்பகலில் எந்நாளும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். டிசம்பர் நண்பகலில் அடிவானத்திலிருந்து 38 பாகை உயரந்தான். அங்கே வடக்கு நோக்கிய முகப்பில் தோட்டம் போடுவது வீண் முயற்சியே. அப்பழக்கத்தோடு பெங்களூருக்கு மாற்றலாகி வந்த நான், வடக்கு முகப்புள்ள வீடு வாய்த்தபோது மனம் சோர்ந்தேன். ஆனால் இங்கே ஏப்ரல் 24-ஆம் நாளை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே மறைகிறது. ஆகஸ்டு 18-ஆம் நாளை ஒட்டி மீண்டும் அவ்வாறே. இவ்விரு நாள்களுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது! அம்மாதங்களில் என் முகப்புக்கு வெயில் உண்டு. வைகாசியில் கீரையும் வெண்டையும் அங்கே வளர்கின்றன. புரட்டாசிக்குப் பிறகு தொட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றுகிறேன். மழைக்காலத்துப் பகல் நீளமானதாயினும் மேகம் மூடியிருப்பதால் வெயில் மெலிந்தே இருக்கும். பகலின் நீளத்தையும் வெயிலின் அளவையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது. அவரை மேகத்தைக் கண்டு ஏமாறுவதில்லை. வைகறையின் மங்கலொளியும் அதற்குப் பகல்தான்.

ஆகவே ஊரிலிருந்து விதை கொண்டு வந்துள்ள அன்பர்கள், அவரையோ மொச்சையோ ஆயின், எந்நகரில் இருப்பினும் ஆடிக்கு முன் அவசரப்பட வேண்டா. முன்னரே ஊன்றிவிட்டிருந்தால் கத்தரிக்கோலைக் கைக்கெட்டாமல் வையுங்கள். தில்லி போன்ற வடநகர்களில் இருப்போர் ஐப்பசி வரை பொறுத்திருங்கள். பனி கடுமையாகும் முன்பே பிஞ்சு பிடித்துவிடும். முதல் காய்ப்பில் நான்கு காயையேனும் பறிக்காமல் முற்றவிட்டு, விதையில் ஒரு பாதியை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒரே கலயத்தில் இருத்தலாகாது.

சென்ற ஆடிப் பெருக்கன்று அல்சூரில் என் வீட்டு மொட்டை மாடியில் மூன்று தொட்டிகளில் அவரை ஊன்றினேன். விதை, அம்பாசமுத்திரத்துக்கு வடக்கே எங்கள் உறவினர் ஒருவர் வீட்டிலிருந்து வந்தது. பாட்டியார் கையால் அந்த வீட்டுக்கும் ஒரு காலத்தில் விதை போயிருக்கக்கூடும் என்றார் அவ்வீட்டு அத்தை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கார்த்திகை முதல் வாரத்தில் பூத்தது. பூ வெள்ளையா ஊதாவா என்று காண நான் விடியலிலேயே மாடியேறினேன். ஊதா. காயின் ஓரத்திலும் கீற்று இருக்கிறது. மணத்தை மட்டும் என்னால் நிச்சயிக்க முடியவில்லை. அதை முகர்ந்து சொல்ல வேண்டியவர் இப்போது இல்லை.